வாயில்களும் ஆற்றுப்படுத்துநரும்
இல்லறப் பிணக்கைத் தீர்க்கும் வழிகள்: ஒரு வரலாற்று நோக்கு

கணவன் மனைவியரிடையே பிணக்குத் தோன்றுவது இக்காலத்தில் புதிதாக வந்த கேடு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கைப்பேசி வந்த பிறகே குடும்பங்கள் கலைந்தன என்று மேடையில் முழங்குவாரும் உளர். தமிழ் நூல்களை ஓரளவேனும் கற்றவர் அங்ஙனம் கூறார். அன்பின் ஐந்திணையுள் ஒன்றாகிய மருதத்தின் உரிப்பொருளே ஊடல்தான். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்பன. 133 அதிகாரங்கள் கொண்ட ஓர் அறநூல் ஊடலைப் பேசி முடிகிறது எனின், அதனை நாணி மறைக்க வேண்டிய நோயாக அந்நூல் கருதவில்லை என்பது வெளிப்படை.

ஆயினும் ஊடல் அளவோடு நிற்க வேண்டும். உணவிலே உப்புப் போன்றது அது என்பது வள்ளுவர் கருத்து. அளவு மிகுந்தபோது யார் குறுக்கிட்டனர்? எவ்வாறு குறுக்கிட்டனர்? இன்று நம் குடும்பங்கள் யாரை நாடலாம்? நாடினால் அங்கே என்ன நடக்கும்? இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

பன்னிரு வாயில்கள்

தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பிணக்குத் தீர்ப்போரைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்று குறிக்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனப் பன்னிருவரைக் கற்பியல் எண்ணிக் காட்டுகிறது. பாட்டி என்பது ஈண்டுப் பாண்மகளைக் குறிக்கும், மூதாட்டியை அன்று. இவருள் அறிவர் என்பார் தனிச்சிறப்பு உடையவர். நல்லன கூறுதலும் தீயன விலக்குதலும் இடித்துரைத்தலும் அவர்க்கு உண்டு. தலைவனும் தலைவியும் ஆகிய இருவருமே அவர் சொல்லின் எல்லைக்குள் நிற்பர் என்று இலக்கணம் காரணமும் காட்டுகிறது. இடித்துரை மனைவிக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே உற்று நோக்குக.

இன்னொரு விதியும் நம் பொருளுக்கு மிக வேண்டுவது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது அவ்விதி. இருவரின் உள்ளத்துச் செய்தி உலகறிய இன்னாருடையது என்று அம்பலமாதல் ஆகாது. அகம் என்ற சொல்லே அந்தக் காப்பினை உணர்த்துகிறது.

வாயில் இல்லாதபோது நேரும் அழிவையும் நம் முன்னோர் பாடியுள்ளனர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழிசைத்துப் பாடுகின்றனர். அவன் பாட்டை அவளும் அவள் பாட்டை அவனும் பிறர்மேல் வைத்துப் பொருள் கொள்கின்றனர். இருவரும் வாய்திறந்து ஒரு வினாவும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று பிரிந்தவர் பின்னர்க் கூடவே இல்லை. கேளாமல் கொண்ட பொருளே பிரிவுக்கு வித்தாயிற்று.

தோட்டத்துப் பஞ்சாயத்து

இனி நம் மண்ணுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் நிபோங் திபால் வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்பெற்றது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர், ஒப்பந்தக் கூலிகளாகக் கலிடோனியா முதலிய தோட்டங்களை அடைந்தனர். ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கங்காணி முறையில் ஆள் திரட்டுதல் 1938இல் இந்திய அரசின் தடையால் முடிவுற்றது.

ஒப்பந்தக் காலத்தில் வந்தவருள் பெண்கள் மிகச் சிலரே. ஆண்கள் நிறைந்த லயங்களில் குடும்ப வாழ்வு நிலைபெறுவது எளிதாக இல்லை. தாயும் தோழியும் அண்ணன் தம்பியரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். எனவே பழைய வாயில்கள் பல அடைபட்டன. வெள்ளை ஆட்சியின் சட்டம் இச்சிக்கலைத் தன் போக்கில் நோக்கியது. மணமான பெண்ணை மயக்கி அழைத்துச் செல்வதைத் தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு குற்றமாக்கியது. கணவன் வழக்கிடலாம்; மனைவிக்கு அவ்வுரிமை இல்லை. அவள் ஏன் சென்றாள் என்று அச்சட்டம் கேட்கவில்லை. யாருடைய பொருள் களவாடப்பட்டது என்பது போலவே கேட்டது. அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ஆய்வு நூல், மலாயாத் தோட்டத்துப் பெண்களின் வாழ்வில் இத்தகைய வழக்குகள் பெற்ற இடத்தை விரித்துரைக்கிறது. அப்பிரிவு நம் நாட்டில் நெடுங்காலம் நீடித்து, 2023 டிசம்பரில்தான் அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

வழக்குமன்றம் செல்லாத பிணக்குகளைத் தோட்டத்துப் பஞ்சாயத்தே தீர்த்தது. கங்காணி, பின்னாளில் மண்டோர், கிராணி, கோயில் தலைவர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் அதில் அமர்ந்தனர். அது செய்த நன்மை சிறிதன்று. கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்தவனை அது கண்டித்தது. அடிபட்ட பெண்ணுக்கு ஓரிரவேனும் அண்டை வீட்டில் இடம் தேடித் தந்தது. ஆனால் அதன் இயல்பிலேயே ஒரு குறையும் இருந்தது. அஃது ஊரறிய நடப்பது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது. அகத்தின் விதி அங்கே புறத்தின் விதியாயிற்று.

இதை நான் பிறர் வாயிலாகக் கேட்டுச் சொல்லவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அத்தகைய கூட்டம் ஒன்றில் நானும் அமர்ந்தேன். கணவனுக்கு ஆலையில் இரவு வேலை. மனைவிக்குப் பகல் வேலை. அவள் தன்னை மதிப்பதில்லை என்று அவன் முறையிட்டான். அவள் தலைகுனிந்து நின்றாள். ஏறத்தாழப் பதினைந்து பேர் சூழ்ந்திருந்தோம். "நீ சொல்லும்மா" என்று நான்தான் கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. "அனுசரித்துப் போம்மா, பிள்ளை இருக்கிறான்" என்று கூறி, இருவர் கையிலும் திருநீறு கொடுத்து அனுப்பினோம். நல்லது செய்தோம் என்ற நிறைவோடு நான் உறங்கினேன். மூன்று திங்களில் அவள் பிள்ளையோடு வேறு மாநிலத்துக்குச் சென்றுவிட்டாள். இரண்டாம் ஆண்டில் பயின்ற அச்சிறுவனின் பள்ளி மாற்றத் தாளில் கையெழுத்திட்டவனும் நானே.

சில ஆண்டுகள் கழித்து அம்மனிதர் என்னைத் தேடி வந்தார். தமக்குச் சர்க்கரை நோய் முற்றி, இல்லற உறவுக்கு உடல் இடங்கொடாமல் போயிருந்தது என்றும், அந்த வெட்கத்தை மறைக்கவே மனைவிமேல் சினந்தும் வெளித்திண்ணையில் படுத்தும் காலம் கழித்ததாகவும் கூறினார். "அத்தனை பேர் நடுவில் அதை எப்படிச் சார் சொல்வேன்?" என்றார். அவளும் அதை அறிந்தே வாய்திறவாமல் அவர் மானத்தைக் காத்திருக்கிறாள். அவளைத்தான் நாங்கள் அனுசரித்துப் போகச் சொன்னோம். என்னிடம் இதற்கு விடை இல்லை. இன்றும் இல்லை.

மேலை நாடுகளில் வளர்ந்த முறை

பூசலைத் தீர்ப்பாகக் கருதாமல் துணைநின்று ஆராயும் முறை மேலை நாடுகளிலும் ஒரே நாளில் தோன்றவில்லை. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் பெர்லினில் நிறுவிய பாலியல் ஆய்வு நிலையத்தில் மணவாழ்வுக்கான ஆலோசனையும் வழங்கப்பட்டது. 1933இல் நாஜிகள் அதனைச் சூறையாடினர். அமெரிக்காவில் பால் போப்பனோ என்பார் 1930இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடும்ப ஆலோசனை நிலையம் ஒன்று தொடங்கினார். உயர்ந்த குடியினரே பெருக வேண்டும் என்னும் தவறான இனக் கொள்கை அவர் முயற்சிக்குத் தூண்டுகோலாக இருந்தது. மணத்தைக் காக்கும் சுமையும் அங்கே பெரும்பாலும் மனைவியின் தோளிலேயே ஏற்றப்பட்டது. 'அனுசரித்துப் போ' என்பது தமிழ்த் தோட்டத்துக்கு மட்டும் உரிய மொழியன்று என்பதை இதனால் அறிகிறோம்.

இங்கிலாந்தில் மணவாழ்வு வழிகாட்டு மன்றம் 1938இல் தோன்றியது. போர் முடிந்து கணவன்மார் திரும்பியபோது மணவிலக்குகள் பெருகின. 1947இல் நீதிபதி டென்னிங் தலைமையிலான குழு, இத்தகைய பணிக்கு அரசு பொருளுதவி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அம்மன்றமே 1988இல் 'ரிலேட்' என்னும் பெயரைப் பெற்றது.

உடலுறவைப் பற்றிய இடர்ப்பாடுகளுக்குத் தனி முறை வகுத்தவர் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்து மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் இருவர். அவர்தம் நூல்கள் 1966இலும் 1970இலும் வெளிவந்தன. இடர்ப்பாடு ஒருவருடையதாகத் தோன்றினும், மருந்து வேண்டுவது இருவருக்கிடையே உள்ள உறவுக்கே என்பது அவர் கொள்கை. ஆகவே கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே வரச் செய்தனர். தோல்வி அச்சமே மீண்டும் தோல்வியைத் தருகிறது என்று கண்டு, சில காலம் உடலுறவை விலக்கிவைத்து, எந்த எதிர்பார்ப்பும் இன்றி ஒருவரை ஒருவர் அன்போடு தொட்டுப் பழகும் பயிற்சியை அளித்தனர். பின்வந்தோர் இம்முறையைத் திருத்தியும் விரித்தும் இன்றளவும் கையாள்கின்றனர்.

தமிழுலகிலும் இதற்குச் சொற்கள் பிறந்தன. ஈழத்தார் 'உளவளத்துணை' என்கின்றனர். 'ஆற்றுப்படுத்தல்' என்பது மற்றொரு சொல். ஆறு என்பது வழி; ஆற்றுப்படுத்தல் என்பது வழியிலே செலுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். முன்னே சென்று பயன்பெற்றவன், வழியில் எதிர்ப்பட்டவனுக்குப் போகும் நெறியைச் சொல்லுதல் அவற்றின் அமைப்பு. தமிழ்நாட்டில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'புதிரா புனிதமா' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி வாயிலாக இல்லற ஐயங்களுக்கு நாணமின்றி விடையளித்ததைப் பலர் நினைவுகூர்வர்.

மலேசியச் சட்டமும் நிலையங்களும்

முஸ்லிம் அல்லாதாரின் மணம், மணவிலக்குப் பற்றிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும் திருமணப் பதிவையும் அது கட்டாயமாக்கியது. அதன் 106ஆம் பிரிவின்படி, ஒருவர் மட்டும் மணவிலக்குக் கோரும்போது, சில விலக்குகள் நீங்கலாக, முதலில் இணக்கக் குழுவை நாட வேண்டும். தேசியப் பதிவுத் துறையின் திருமண நடுவர் மன்றம் அவற்றுள் ஒன்று. அங்கே வழக்கறிஞர் வாதிட இடமில்லை. இருவரும் நேரில் வந்து பேச வேண்டும். இணக்கம் கூடாதாயின் குழு சான்றிதழ் அளிக்கும்.

நம்மவர் பலர் இம்மன்றத்தையும் ஆற்றுப்படுத்தலையும் ஒன்றெனக் கருதுகின்றனர். அது தவறு. நடுவர் மன்றம் மணவிலக்கின் வாசலில் இருப்பது. பெரும்பாலோர் மனம் கசந்த பின்னரே அங்கே செல்கின்றனர். ஆற்றுப்படுத்தலோ பிணக்கின் தொடக்கத்திலேயே நாடத்தக்கது. அதற்கும் நம் நாட்டில் சட்டம் உண்டு. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ், ஆலோசகர் வாரியத்தில் பதிந்து தொழில் சான்றிதழ் பெற்றவரே ஆலோசகர் என்று தொழில் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று; நம் உரிமை. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக 1966இல் எழுந்த வாரியம், இன்று தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமாக வளர்ந்து குடும்ப ஆலோசனையும் வழங்குகிறது. பினாங்கில் 1985இல் தோன்றிய மகளிர் மாற்ற மையம் பெண்களுக்குத் துணைநிற்கிறது.

முதல் நாள் என்ன நடக்கும்?

ஆற்றுப்படுத்துநரை முதன்முறை காணச் செல்பவர் அஞ்சுவது இயல்பு. 'என்னைப் பைத்தியம் என்பாரோ? என்னைக் குற்றவாளி ஆக்குவாரோ? ஊருக்குத் தெரிந்துவிடுமோ?' என்பன அவ்வச்சங்கள். அங்கே நிகழ்வதை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலில் ஒரு படிவம் தரப்படும். பேசுவன யாவும் மறைவாகக் காக்கப்படும் என்பதும், அதற்குள்ள விலக்குகளும் அதில் இருக்கும். உயிருக்கு ஊறு நேரும் நிலை, குழந்தைக்கு நேரும் கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகியவை அவ்விலக்குகள். படித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடுக. தமிழில் பேச விரும்பினால் முன்கூட்டியே கேட்கலாம். கட்டணத்தையும் அப்போதே அறிந்துகொள்வது நன்று.

ஓர் அமர்வு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி அமையும். ஆற்றுப்படுத்துநர் பல வினாக்கள் கேட்பார். எப்போது மணந்தீர்கள், பிணக்கு எப்போது தொடங்கியது, அதற்கு முன் வாழ்வு எவ்வாறு இருந்தது, வேலை நேரம் என்ன, உறக்கம் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, என்ன நோய்க்கு என்ன மருந்து உண்கிறீர்கள் என்று வினவுவார். இருவரையும் ஒன்றாகக் கண்ட பின், ஒவ்வொருவரையும் தனியே காண்பதும் உண்டு. தனியே சொன்னதை மற்றவரிடம் சொல்வாரா, மாட்டாரா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிக. விடை சொல்ல மனம் வராத வினாவுக்கு, "இப்போது வேண்டா" என்று கூறினால் போதும், யாரும் வற்புறுத்தார்.

யார் சரி, யார் பிழை என்று அவர் தீர்ப்புக் கூறார். இதனால் சிலர் முதல் நாளே ஏமாற்றம் அடைவர். "நான் சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று வருந்துவர். ஆனால் அதுவே பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்கவும், கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிக் கூறவும் அவர் பயிற்றுவார். வகுப்பறையில் நான் நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இது. வீட்டில் இதனைச் செய்வது எத்துணை அரிது என்பதை நானும் அறிவேன்.

உடலுறவு பற்றிய இடர்ப்பாடாயின், முதலில் மருத்துவரைக் காணுமாறு கூறுவது முறை. சர்க்கரை நோய் நரம்பையும் குருதி ஓட்டத்தையும் தாக்கி ஆண்மைத் தளர்ச்சியைத் தரலாம். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. குருதி அழுத்த மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும் சிலருக்கு இத்தொல்லையைத் தருவதுண்டு. மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்துதல் கூடாது. பெண்களுக்கு மகப்பேற்றுக்குப் பின்னும் மாதவிலக்கு நின்ற பின்னும் வலி தோன்றலாம். அச்சத்தால் தசை இறுகுவதும் உண்டு. இவை ஒழுக்கக் குறைகள் அல்ல. சிகிச்சை உள்ள உடல் நிலைகள். சுவரொட்டியில் விளம்பரமாகும் லேகியங்களை நம்பிப் பணத்தையும் நலத்தையும் இழத்தல் வேண்டா. அத்தகைய பொருள்கள் சிலவற்றில் அறிவிக்கப்படாத மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. இதய நோய் மருந்து உண்பார்க்கு அக்கலப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆற்றுப்படுத்துநர் உங்கள் உடலைத் தொடார். ஆடை களையச் சொல்லார். உடலைச் சோதிப்பது மருத்துவர் பணி. அதற்கும் உங்கள் இசைவு வேண்டும். இந்நெறி மீறுவார் எவராயினும், உடனே எழுந்து வெளியேறுக, வாரியத்திடம் முறையிடுக. முறையான பயிற்சிகள் யாவும் இருவரும் தம் இல்லத்தில் தனிமையில் செய்வனவே. கைகோத்து அமர்தல், நாள்தோறும் சிறிது நேரம் தடையின்றிப் பேசுதல் போன்ற எளிய செயல்களில் அவை தொடங்கும்.

ஓர் அமர்வில் எல்லாம் தீர்ந்துவிடாது. பல வாரங்கள் தொடர வேண்டியிருக்கும். இடையிலே பழைய புண் கிளறப்பட்டு மனம் முன்னிலும் நோவதும் உண்டு. அதனால் தோல்வி என்று எண்ணற்க. துணைவர் வர மறுத்தால் ஒருவராகவே செல்லலாம். சிலர் ஆராய்ந்து, பிரிவதே நன்று என்று முடிவு செய்வதும் உண்டு. அந்நிலையிலும் பிள்ளைகளை இருவரும் பகையின்றி வளர்க்க இப்பேச்சு உதவும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அடியும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில், இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுதல் ஏற்றதன்று. அங்கே உண்மை பேசியவள் வீடு திரும்பியதும் அடிபடலாம். அத்தகையோர் முதலில் காப்பினைத் தேட வேண்டும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அவர்க்குத் துணை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும், காவல் நிலையத்திலும், 15999 என்னும் தாலியான் காசே எண்ணிலும் உதவி கோரலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. ஆற்றுப்படுத்தலை மேனாட்டார் கொணர்ந்த அயற்பொருள் என்று நாம் ஒதுக்க வேண்டுவதில்லை. இருபாலாரையும் ஒருநிகராக இடித்துரைக்கும் அறிவரும், பெயர் சுட்டாத மறைவும் நம் அகப்பொருள் மரபில் உள்ளன. இக்காலத்து ஆலோசனை அறை, தோட்டத்துப் பஞ்சாயத்தைவிட அம்மரபுக்கே அண்மையில் நிற்கிறது.

இன்று தோட்டங்களில் செம்பனை ஓங்கி நிற்கிறது. லயத்து மக்கள் பெரும்பாலோர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பஞ்சாயத்து கூடுவது அரிது. ஆயினும் பழைய பழக்கத்தால் எவரேனும் என்னிடம் வந்து, "சார், நீங்கள் கொஞ்சம் பேசி வையுங்கள்" என்று கேட்பதுண்டு. உடன் வந்த உறவினரை வெளியே அமரச் சொல்கிறேன். கதவைச் சாத்தி, இருவரும் சொல்வதைக் கேட்கிறேன். தீர்ப்பு எதுவும் கூறுவதில்லை. மருத்துவரையும் பதிவுபெற்ற ஆலோசகரையும் காணும் வழியை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். முதல் நாள் என்ன நடக்கும் என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். அன்று அந்தச் சிறுவனின் பெற்றோருக்கு நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவே.